நெட்வொர்க்கைக் கேட்பது: நேரலைத் தரவில் பிறக்கும் எழுத்து, ஒலி, ஒளிக் கலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி நெட்வொர்க்கில் இந்த நொடி ஓடிக்கொண்டிருக்கும் தரவை எடுத்து, அதிலுள்ள எழுத்துகளைத் திரையில் நகரவிட்டு, அதே தரவிலிருந்து ஒலியும் எழுப்பும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். பார்க்க வருபவர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இதைச் சுருக்கமாக விளக்க முடியுமா?

ஆற்றில் வலை போடுவதைப் போன்றது. ஆறும் உங்களுடையதல்ல, மீனும் உங்களுடையதல்ல. எந்த இடத்தில் போடுகிறீர்கள், எவ்வளவு ஆழத்தில், வலையின் கண் எவ்வளவு பெரியது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. வலையில் என்ன விழும் என்று போடும்போது உங்களுக்கே தெரியாது.

இப்படிப்பட்ட கலையை ஜெனரேட்டிவ் என்று சொல்கிறார்கள். கலைஞர் படத்தையோ இசையையோ நேரடியாகச் செய்வதில்லை. அவற்றை உண்டாக்கும் விதிகளை எழுதுகிறார். 'இப்படி ஒரு சொல் வந்தால் இங்கே காட்டு, இவ்வளவு பெரிய தரவு வந்தால் இந்தச் சுரத்தை வாசி' என்று. விதி மாறாது, தரவு மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நேற்று பார்த்தது இன்று இருக்காது.

எந்தப் படைப்பிலிருந்து தொடங்கலாம்?

தயங்காமல் சொல்வேன்: 'லிசனிங் போஸ்ட்'. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் புள்ளியியலாளராக இருந்த மார்க் ஹேன்சனும், ஒலிக் கலைஞர் பென் ரூபினும் சேர்ந்து செய்தது. 2002 டிசம்பரில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 2004இல் ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழாவில் கோல்டன் நிக்கா விருது பெற்றது. இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும், கலிபோர்னியாவின் சான் ஹோசே கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இருக்கிறது.

இருட்டான அறையில் 231 சின்னச் சின்னத் திரைகள், 11 வரிசையாக 21 பத்தியாக, லேசாக வளைந்த ஒரு சட்டத்தில் தொங்கும். பெரிய எல்இடி திரை கிடையாது. பழைய கடைக் கல்லாப் பெட்டியில் நீலப் பச்சையாக ஒளிருமே, அந்த வகைக் காட்சிப் பலகைகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எழுத்துக்குத்தான் இடம். அந்த நேரத்தில் இணையத்தின் பொது அரட்டை அறைகளிலும் கருத்துக் களங்களிலும் மக்கள் தட்டிக்கொண்டிருந்த வரிகள் அதில் வரும். செயற்கைக் குரல் ஒன்று அவற்றில் சிலவற்றை ஏறக்குறைய ஓதுவதுபோல வாசிக்கும்.

படைப்பு பல காட்சிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு விதி. ஒரு காட்சியில் ஆங்கிலத்தில் 'ஐ ஆம்' (நான்...) என்று தொடங்கும் வாக்கியங்கள் மட்டும் வரும். 'எனக்குப் பதினெட்டு வயது', 'நான் தனியாக இருக்கிறேன்', 'நான் இங்கே புதிது' என்பதுபோல யார் யாரோ எங்கிருந்தோ சொல்லும் வரிகள் சுவர் முழுக்கப் பரவும். எண்ணிப் பாருங்கள், தேடல் விதி எவ்வளவு எளியது! ஒரு சிறு தொடரில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறு தொடரைத் தேர்ந்ததில்தான் இரண்டு கலைஞர்களின் கையும் தெரிகிறது. இணையத்தின் எல்லா இரைச்சலையும் கொட்டியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது தலைவலி. அவர்கள் வலையின் கண்ணைச் சரியாக வைத்தார்கள். இந்தக் கலையில் நான் நம்பும் ஒரே விஷயம் இதுதான்: எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் வேலை இருக்கிறது.

அதே இருவர் 2007இல் 'மூவபிள் டைப்' என்ற படைப்பை நியூயார்க் டைம்ஸ் கட்டடத்தின் நுழைவுக் கூடத்தில் அமைத்தார்கள். 560 திரைகள். அங்கே ஓடுவது அந்தப் பத்திரிகையின் சொந்தச் சொற்கள்: அன்றைய செய்திகளும் 1851 முதலான பழைய இதழ்களும். தினமும் வேலைக்குப் போகும் வழியில் அதைக் கடந்துபோகும் ஊழியர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

இணையத்துக்கு முன்னால் இப்படி ஏதாவது இருந்ததா?

இருந்தது. 1969இல் ஹான்ஸ் ஹாக்கே என்ற ஜெர்மானியக் கலைஞர் 'நியூஸ்' என்றொரு படைப்பைச் செய்தார். செய்தி நிறுவனங்களின் தொலைஅச்சு இயந்திரத்தைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். உலகச் செய்திகள் வந்து விழ விழ இயந்திரம் தடதடவென்று அச்சடிக்கும். தாள் சுருள் சுருளாகத் தரையில் குவியும். எழுத்து இருக்கிறது, ஒலி இருக்கிறது, நேரலை நெட்வொர்க் இருக்கிறது. அடுத்த வருடம் நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் நடந்த 'சாஃப்ட்வேர்' கண்காட்சியிலும் அது இடம்பெற்றது. கணினியே இல்லாமல் இந்தக் கலையின் எலும்புக்கூடு முழுக்க அங்கே நின்றுவிட்டது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது, அதில் எழுத்தே இல்லை என்றாலும். 1990களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் நடாலி ஜெரமிஜென்கோ எட்டடி நீள பிளாஸ்டிக் கயிறு ஒன்றைக் கூரையில் ஒரு சின்ன மோட்டாரோடு தொங்கவிட்டார். மோட்டார், அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் வயரோடு இணைந்திருந்தது. தரவு போகப் போகக் கயிறு துடிக்கும். நெட்வொர்க் நெரிசலாக இருந்தால் சுழன்று சுழன்று இரையும். ஓய்வாக இருந்தால் அவ்வப்போது லேசாக அசையும். அங்கே வேலை செய்தவர்கள் தலையைத் திருப்பாமலே நெட்வொர்க்கின் நிலையை உணர்ந்தார்கள்.

தரவு பாக்கெட்டுகளாகப் போகிறது என்கிறார்களே, அதில் எழுத்து எங்கிருந்து வருகிறது?

நெட்வொர்க்கில் எதுவும் முழுசாகப் போவதில்லை. ஒரு படமோ கடிதமோ துண்டு துண்டாக வெட்டப்பட்டுத்தான் போகும். அந்தத் துண்டுதான் பாக்கெட். ஈதர்நெட்டில் ஒரு துண்டில் வழக்கமாக 1,500 பைட்டுக்கு மேல் இருக்காது. முன்பகுதியில் யாரிடமிருந்து, யாருக்கு, எந்தப் போர்ட்டுக்கு (கணினியில் எந்த நிரலுக்கு என்று சொல்லும் எண்), எவ்வளவு நீளம் என்ற விவரங்கள். பின்பகுதியில் உள்ளடக்கம்.

பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். அந்த எண்களில் 32 முதல் 126 வரை உள்ளவை ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறிகளுக்கு உரியவை. ஆக ஒரு பாக்கெட்டைப் பிரித்து, அந்த வரம்புக்குள் இருக்கும் எண்களை மட்டும் எழுத்தாக்கினால் சொற்கள் தெரியவரும். இதைச் செய்யும் மிகப் பழைய கருவிகளில் ஒன்று 'டிசிபிடம்ப்'. 1988இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதப்பட்டது. இன்றைக்கும் நெட்வொர்க் நிர்வாகிகள் தினம் பயன்படுத்துகிறார்கள். கறுப்புத் திரையில் அது வரி வரியாக ஓடுவதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

இப்போது எல்லாமே என்கிரிப்ட் (பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கம்) ஆகிவிட்டதே. படிக்க என்ன மிச்சம்?

இருபது வருடத்துக்கு முன்பு ஒருவர் திறந்த வலைப்பக்கத்தை அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவர் வரிக்கு வரி படித்துவிட முடிந்தது. இன்று உள்ளடக்கம் பூட்டிய பெட்டி. இது நல்ல மாற்றம். கலைக்காக யாருடைய பெட்டியும் திறந்து கிடக்க வேண்டியதில்லை.

ஆனாலும் நெட்வொர்க் ஊமையாகிவிடவில்லை. எந்த நேரத்தில், எவ்வளவு பெரிய பாக்கெட், எந்தத் திசையில் போகிறது என்பது தெரியும். தளப் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விகள் பல இடங்களில் இன்னும் வெளிப்படையாகவே போகின்றன. வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும். 'நான் பிரிண்டர், இங்கே இருக்கிறேன்' என்று பிரிண்டர் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கும். என் வீட்டில் இரவு இரண்டு மணிக்குக்கூட இது நிற்பதில்லை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், டிவியும் அணைத்தாயிற்று. அணைத்த டிவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை எங்கோ உள்ள ஒரு சர்வரின் முகவரியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்னொரு வழி, பொதுவில் திறந்து வைத்திருக்கும் நேரலை ஓடைகள். விக்கிமீடியா தன் எல்லா விக்கிகளிலும் நடக்கும் திருத்தங்களை அந்த நொடியே யாரும் பெறும்படி தருகிறது. அமெரிக்க நில ஆய்வு நிறுவனம் நிலநடுக்கத் தரவுகளைத் தருகிறது. உலக இணையத்தின் வழித்தட மாற்றங்களை ஐரோப்பாவின் இணைய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசி நேரலையாகத் தருகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இவற்றைத்தான் சொல்வேன்.

தரவிலிருந்து ஒலி எப்படி வருகிறது?

இரண்டு வழி. ஒன்று, பைட்டுகளை அப்படியே ஒலி அலையாக வாசிப்பது. மற்றொன்று, 'இது நடந்தால் இந்த ஒலி' என்று பொருத்தம் வைப்பது. இதை மேப்பிங் என்போம்.

இரண்டாவதற்கு நல்ல உதாரணம் 'பீப்'. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கில்ஃபிக்ஸும் ஆல்வா கவுச்சும் செய்து 2000இல் வெளியிட்டது. நெட்வொர்க் நிகழ்வுகளுக்குப் பறவைக் கூவல், பூச்சி ரீங்காரம், ஓடும் தண்ணீர் என்று இயற்கை ஒலிகளைப் பொருத்தினார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது ஏதோ தோட்டத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். ஏதாவது கோளாறு என்றால் தோட்டத்தின் ஒலி மாறிவிடும். இதை அவர்கள் கலையாகச் செய்யவில்லை, நிர்வாகிகளுக்கு உதவியாகத்தான் செய்தார்கள். எனக்கு அது கலைதான்.

நிர்வாகிகளிடையே பல காலமாக உலவும் ஒரு கதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 'பிங்' என்ற கட்டளையைக் கொடுப்போம். 1983இல் மைக் மூஸ் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் ஒலியை நினைத்து வைத்த பெயர். ஓர் அலுவலகத்தில் ஈதர்நெட் விட்டு விட்டு வேலை செய்ததாம். நிர்வாகி அந்தக் கட்டளையைப் பேசும் கருவியோடு இணைத்து, ஒலியை உச்சத்தில் வைத்தார். நொடிக்கு ஒருமுறை 'பிங், பிங்' என்று அது கத்த, இவர் கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தார். எங்கே ஆட்டும்போது குரல் நின்றதோ அங்கேதான் பழுது. ஒலி எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். முதுகைத் திருப்பிக்கொண்டு நடக்கும்போதும் காது திறந்தே இருக்கிறது.

தமிழ் எழுத்து பாக்கெட்டில் வந்தால் எப்படி ஒலிக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இணையத்தில் தமிழ் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில்தான் போகிறது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். எண்களாக எழுதினால்: 224 174 164, 224 174 174, 224 174 191, 224 174 180, 224 175 141.

உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மூன்றிலும் முதல் எண் 224தான். மாறவே மாறாது. இரண்டாவது எண் 174 அல்லது 175. வேறு எதுவும் வராது. மூன்றாவதுதான் உண்மையில் எழுத்தைச் சொல்கிறது. இதைச் சுரமாக்கினால் என்ன ஆகும்? முதல் அடி சுருதிபோல நிலையாக நிற்கிறது. இரண்டாவது அடி இரண்டே சுரங்களுக்கு இடையில் ஊசலாடுகிறது. மூன்றாவது அடிதான் மெட்டு. அதாவது தமிழ் எதை எழுதினாலும், திருக்குறளோ மளிகைப் பட்டியலோ, நெட்வொர்க்கில் அது மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் போகிறது! சொல்லுக்குச் சொல் வரும் இடைவெளி ஒரே பைட், 32. அந்த இடத்தில் தாளம் ஓர் அடி சறுக்கி மறுபடி பிடித்துக்கொள்ளும். புள்ளி வரும்போதெல்லாம் 224 175 141 என்று ஒரே சொற்கட்டு விழும். மெய்யெழுத்து நிறைந்த வரியில் அது மிருதங்கத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்போலவே கேட்கிறது.

தமிழுக்கு மட்டும் உரிய சிறப்பு என்று சொல்லிவிட முடியாது. தேவநாகரி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம் எல்லாமே மூன்று பைட்தான், முதல் எண்ணும் 224தான். ஆனால் இரண்டாவது எண் மொழிக்கு மொழி வேறு. தேவநாகரிக்கு 164, 165. தெலுங்குக்கு 176, 177. கன்னடத்துக்கு 178, 179. மலையாளத்துக்கு 180, 181. சிங்களத்துக்கு 182, 183. எல்லோருக்கும் ஒரே சுருதி. அதற்கு அடுத்த சுரத்தைக் கேட்டே எந்த எழுத்துமுறை என்று சொல்லிவிடலாம். யாரும் திட்டமிட்டு வைத்த அழகு இல்லை இது. குறியீட்டு அட்டவணையில் வரிசையாக இடம் ஒதுக்கியதால் தானாக அமைந்தது.

பைட்டுகளை அப்படியே ஒலி அலையாக, நொடிக்கு 8,000 என்ற கணக்கில் வாசித்தால் இன்னும் வேடிக்கை. மூன்றுக்கு ஒருமுறை அதே எண் திரும்புவதால் சுமார் 2,667 ஹெர்ட்ஸில் ஒரு சீழ்க்கை எழும். ஆங்கில உரையில் இது வராது, ஏதோ கரகரப்பாக இருக்கும். நன்றாக என்கிரிப்ட் செய்த தரவு எப்படிக் கேட்கும் தெரியுமா? தகரக் கூரையில் விழும் அடைமழை மாதிரி, ஒரே இரைச்சல். எண்களில் எந்த ஒழுங்கும் தெரியக்கூடாது என்பதுதானே என்கிரிப்ஷனின் நோக்கம்.

நடைமுறையில் வலைத்தளங்களின் தமிழ் சுருக்கப்பட்டு, பூட்டப்பட்டுத்தான் வயரில் போகிறது. அதனால் நேரடியாக வயரிலிருந்து இந்த நடையைப் பிடிக்க முடியாது. உங்கள் நிரல் பெற்றுப் பிரித்த உரையிலிருந்து பைட்டுகளை எடுத்து வாசிக்க வேண்டும்.

திரையில் எழுத்தைக் காட்டுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

படிக்க முடிகிற வேகம். பலரும் திரைப்படத்தில் வரும் பச்சை எழுத்து மழையைப்போலச் செய்யப் பார்க்கிறார்கள். அது அலங்காரமாகிவிடும். ஒரு வரியையாவது பார்வையாளர் முழுதாகப் படிக்க வேண்டும். படித்து முடிக்கும் அந்தக் கணத்தில் அது மறைந்தால் அழகு.

யூலியுஸ் போப் என்ற ஜெர்மன் கலைஞரின் 'பிட்ஃபால்' இதை அருமையாகச் செய்கிறது. இணையச் செய்திகளிலிருந்து அப்போதைக்கப்போது பொறுக்கிய சொற்களை அது தண்ணீர்த் துளிகளால் எழுதும். மேலே வரிசையாக உள்ள குழாய்கள் துல்லியமான நேரத்தில் திறந்து மூடும். விழும் துளிகள் காற்றில் ஒரு நொடி சொல்லாகி, அப்படியே தொட்டியில் விழுந்து உடையும். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரிலுள்ள மோனா அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. தண்ணீர் விழும் சத்தமே அதன் இசை.

தமிழை வைத்துச் செய்தால் எழுத்து உடைகிறதே?

உடையும். பல கிராஃபிக்ஸ் கருவிகள் ஒவ்வொரு குறியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கின்றன. 'கொ' என்று எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். உலாவிக்குள் வரைந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் உலாவிக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியும். அதனால் எழுத்து மட்டும் உலாவியில், ஒலி வேறு மென்பொருளில் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

அப்புறம், ஒரு வரியை எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்யும்போது குறிகளை எண்ணி வெட்டாதீர்கள். 'கி' என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறி. எழுத்தாகச் சேர்த்துப் பிரிக்கும் வசதி இன்றைய உலாவிகளில் இருக்கிறது. சிலர் வேண்டுமென்றே உடைந்த எழுத்தை அழகென்று காட்டுகிறார்கள். நம் மொழி பல வருடம் திரைகளில் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் கிடந்து, பலர் உழைத்த பிறகுதான் சரியாகத் தெரியத் தொடங்கியது. அதனால் எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை.

இது ஒட்டுக்கேட்பது ஆகாதா?

ஆகலாம். இந்தக் கேள்வியையே படைப்பாக்கியவர்கள் உண்டு. அமெரிக்காவின் எஃப்பிஐ மின்னஞ்சல்களைக் கண்காணிக்க 'கார்னிவோர்' என்ற கருவியை வைத்திருந்தது 2000இல் வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அடுத்த வருடமே அலெக்சாண்டர் கேலோவேயின் ஆர்எஸ்ஜி குழு அதே பெயரில் ஒரு மென்பொருளை வெளியிட்டது. ஓர் அறையின் நெட்வொர்க் போக்குவரத்தை அது பிடித்துத் தரும். அதை என்னவாக மாற்றுவது என்று வேறு வேறு கலைஞர்கள் தங்கள் நிரலை எழுதிக்கொள்ளலாம். 2002இல் அதற்கும் கோல்டன் நிக்கா கிடைத்தது. அதை வைத்து ஜோனா ப்ரக்கர்-கோஹன் செய்த 'போலீஸ் ஸ்டேட்' என்ற படைப்பில் ரிமோட்டில் ஓடும் பொம்மைப் போலீஸ் கார்கள் இருந்தன. நெட்வொர்க்கில் பயங்கரவாதம் தொடர்பான சொற்கள் பிடிபட்டால் அத்தனை கார்களும் தரையில் ஓடத் தொடங்கும். ஒரு சொல் கண்காணிப்பில் மாட்டுவது என்றால் என்ன என்பதை அதைவிட நேரடியாகக் காட்ட முடியாது.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கூடத்தில் என் படைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பார்வையாளர்கள் அங்கிருந்த வைஃபையில் இணைந்திருந்தார்கள், அது திரையில் வரும் என்று வாசலில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் கைபேசிகள் தம் பெயரை அறிவிக்கும்போது உரிமையாளரின் பெயரையும் சேர்த்து அறிவிக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு பெண்ணின் முழுப் பெயர் ஆறடி உயரத்துக்குச் சுவரில் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார். அவருக்குக் கோபமில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. பெயர் வெளியே தெரியக்கூடாத நிலையில் இருக்கும் ஒருவராக அவர் இருந்திருந்தால்?

அதிலிருந்து என் விதிகள் இவை. சொந்த நெட்வொர்க், அல்லது உரிமையாளரும் பயன்படுத்துபவர்களும் ஒப்புக்கொண்ட நெட்வொர்க் மட்டும். பெயர், எண், முகவரி எதுவும் திரைக்குப் போகும் முன்பே நிரலில் வடிகட்டப்படும். எதையும் சேமிப்பதில்லை, ஒலித்தது போயிற்று. அடுத்தவர் தகவல் பரிமாற்றத்தை அனுமதியின்றி இடைமறிப்பது இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில் குற்றம் என்பதையும் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். காபிக் கடை வைஃபையில் 'சும்மா பார்க்கலாமே' என்று இறங்க வேண்டாம்.

தரவு நேரலை என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ரேண்டம் எண்ணை வைத்து ஏமாற்றிவிடலாமே?

ஏமாற்றலாம். ஐந்து நிமிடம் யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். ஆனால் உண்மையான தரவுக்கு ஒரு நாளின் வடிவம் உண்டு. காலையில் மெல்ல ஏறும், மதியம் தணியும், கிரிக்கெட் இறுதி ஓவரில் குதிக்கும். ரேண்டம் எண்ணுக்கு மதியச் சாப்பாடு கிடையாது.

நான் செய்வது எளிது. பார்வையாளர் தன் கைபேசியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்தால் உடனே ஒரு மணி ஒலிக்கும்படி ஒரு பகுதி வைத்துவிடுவேன். அதைச் செய்து பார்த்தவர்கள் அதன் பிறகு வேறு மாதிரி கேட்கிறார்கள்.

படைப்பு எத்தனை வருடம் உயிரோடிருக்கும்?

தரவு வரும் வரை. இந்தக் கலையின் பெரிய துயரம் இது. 2023இல் ட்விட்டர் தன் இலவச ஏபிஐ வசதியை (பிற நிரல்கள் அதன் தரவைப் பெறும் வழி) நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ சிறு படைப்புகள் மௌனமாகின. ஓவியத்துக்கு நிறம் மங்கும், அதைச் சரிசெய்ய ஆள் உண்டு. இங்கே ஆறே வற்றிவிடுகிறது. அதனால் தரவு எடுக்கும் பகுதியைத் தனியாக எழுதுங்கள், ஒன்று நின்றால் வேறொன்றை மாட்டும்படி. ஒரு முழு நாளின் ஓட்டத்தை, தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டு, ஒலி-ஒளிப் பதிவாகவாவது எடுத்து வையுங்கள்.

தொடங்க என்னென்ன வேண்டும்? செலவாகுமா?

ஒரு சாதாரண மடிக்கணினி போதும். திரைக்குப் பி5.ஜேஎஸ் அல்லது ப்ராசஸிங். ப்ராசஸிங் 2001இல் எம்ஐடி மீடியா ஆய்வகத்தில் பென் ஃப்ரையும் கேசி ரியாஸும் கலைஞர்களுக்காகவே தொடங்கியது. ஒலிக்குப் ப்யூர் டேட்டா அல்லது சூப்பர்கொலைடர். தரவை எடுக்கப் பைத்தான் என்ற நிரல் மொழி. எல்லாமே இலவசம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்ப ஓஎஸ்சி என்ற நெறிமுறை இருக்கிறது.

நல்ல ஸ்பீக்கருக்கு மட்டும் கொஞ்சம் செலவழியுங்கள்.

முதல் படைப்பாக எதைச் செய்து பார்க்கலாம்?

முதலில் 'லிசன் டு விக்கிப்பீடியா'வைக் கேளுங்கள். 2013இல் ஸ்டீபன் லாபோர்ட்டும் மஹ்மூத் ஹஷெமியும் செய்தது, உலாவியிலேயே ஓடும். விக்கிப்பீடியாவில் யாராவது எதையாவது சேர்த்தால் மணி ஒலிக்கும், நீக்கினால் தந்தியை மீட்டும் ஒலி. திருத்தம் பெரிதாக இருந்தால் சுரம் தாழ்ந்து வரும். திருத்தப்பட்ட கட்டுரையின் தலைப்பு ஒரு வட்டத்துக்குள் மிதந்து மறையும். பதிவு செய்யாத பயனர்களின் திருத்தம் பச்சை வட்டம், பாட் (தானாகத் திருத்தும் நிரல்) செய்தது ஊதா. புதிதாக ஒருவர் கணக்குத் தொடங்கினால் தந்திகள் எல்லாம் சேர்ந்து ஒரு முறை எழும்பும்.

பிறகு நீங்களே விக்கிமீடியாவின் நேரலை ஓடையைத் திறந்து, தமிழ் விக்கிப்பீடியாவின் திருத்தங்களை மட்டும் வடிகட்டுங்கள். பாட் நிரல்கள் செய்த திருத்தங்களையும் நீக்கிவிடுங்கள். ஒரு திருத்தத்துக்கு ஒரு மணி, திரையில் தலைப்பு மட்டும். நிரல் ஐம்பது வரிகூட வராது. ஓடவிட்டதும் ஏதோ பிழை என்று நினைப்பீர்கள், ஏனென்றால் ஒன்றும் கேட்காது. நிரலைத் தொடாதீர்கள். நான் முதன்முதலில் ஓடவிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னிரவு. பல நிமிடம் வெறும் கறுப்புத் திரை. அப்புறம் ஒரே ஒரு மணி. ஒரு சிற்றூரின் பெயர் வெள்ளை எழுத்தில் வந்து நின்று, மெல்ல மறைந்தது. எங்கோ ஒருவர் அந்த நேரத்தில் விழித்திருந்து அந்த ஊரைப் பற்றி எதையோ சரிசெய்திருக்கிறார்.